பஞ்சு போட்ட கத்தரிக்காய்

அதை ஏன் கேக்குற, காலையில இருந்து எங்க வீட்டுல ஒரு யானைக்கு வைத்தியம் நடக்குது. உள்ள வாட்டி, வாசல்லயே நின்னா எப்படி? அந்தப் பேப்பர் மேல மட்டும் கால வச்சிராத. யானை காயுது.

மண்ணு பாக்கெட்டுல வருதுட்டி, மண்ணு! வெள்ளை வெளேர்னு, கொழுக்கட்டை மாவு கணக்கா. சூளை வேண்டாம், அடுப்பு வேண்டாம், காத்துலயே காயுமாம். ‘ஏர் டிரை கிளே’ன்னு என் பேத்தி சொல்லுதா. பள்ளிக்கூடத்துல புராஜெக்ட்டாம், கோயில் யானை செஞ்சு கொண்டு போகணுமாம். பிள்ளை அழகாத்தான் செஞ்சா. என் மருமக சீக்கிரம் காயட்டும்னு ஃபேனுக்கு அடியில வச்சுட்டா. வந்து பாத்தா ரெண்டு காதும் வெடிச்சுக் கிடக்கு. பிள்ளை ஒரே அழுகை.

நான் சொன்னேன், ஃபேன அமத்துங்க, ஈரத் துணியப் போட்டு மூடுங்க, அதே மண்ணுல கொஞ்சம் தண்ணியக் கலந்து வெடிப்புல தடவுங்கன்னு. “உங்களுக்கு இதப் பத்தி என்னத்தே தெரியும்? இது ஆன்லைன்ல வாங்குன மண்ணு”ங்கா. அவ தளவாய்புரத்துக்காரி, நைட்டி தைக்கிற மெஷினும் அவ வாயும் ஒரே வேகம். பேத்திதான் அந்த பாக்கெட்டத் திருப்பி, பின்னாடி எழுதியிருக்கத எழுத்துக்கூட்டி வாசிச்சா. நான் சொன்ன அம்புட்டும் அதுல இருக்குட்டி! ஃபேன் கூடாது, வெயில் கூடாது, வெடிச்சா தண்ணி தொட்டுத் தடவணும். எனக்குச் சிரிப்புத் தாங்கல. என்னைக் கேக்காமலே என் வார்த்தைய அச்சடிச்சுப் போட்டிருக்கானுக.

கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு இது எப்படித் தெரியும்னுதான பாக்குற? உக்காரு, சொல்றேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ராஜபாளையத்தில், பஞ்சு மில்லுக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மில்லில்தான் வேலை. அண்ணன் ஐந்தாவது படித்தான். நான் படிக்கவில்லை, என் இடுப்பில் ஒரு தம்பி இருந்தான். அப்போதுதான் அவனுக்கு இரண்டு பல் முளைத்திருந்தது. அந்த இரண்டு பல்லை வைத்துக்கொண்டு அவன் கடிக்காத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. கட்டில் கால், செருப்பு, என் தோள்பட்டை எல்லாவற்றிலும் அவன் முத்திரை இருக்கும்.

எனக்குக் கை சும்மா இராது. இப்போதும் அப்படித்தான், நீயே பார்க்கிறாயே, பேசிக்கொண்டே முந்தானையை எத்தனை தடவை திருகிவிட்டேன் என்று. சின்ன வயதில் இன்னும் மோசம். சோற்றுப் பருக்கையை உருட்டிக் கோழி செய்வேன். பிசைந்த மாவில் பாதி பாம்பாகப் போகும். அம்மா வேலை முடிந்து வந்ததும் முதல் வார்த்தை, “கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கியாட்டி?” என்பதுதான். சொல்லிக்கொண்டே தலையை உதறுவாள். முடியிலும் சேலையிலும் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசி வீடெல்லாம் பறக்கும். எங்கள் வீட்டு ரசத்தில்கூடப் பஞ்சு மிதக்கும் என்று அப்பா சொல்வார்.

அண்ணனுக்கு வேறு வியாதி. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான், போய்ச் சேர மாட்டான். நடுவில் கண்மாய் இருக்கிறதே, அதில் இறங்கிவிடுவான். ஒரு தடவை காய்ச்சல் என்று சொன்னான். காதுக்குள் கண்மாய்ச் சேறு இருந்தது, டீச்சர் பார்த்துவிட்டார். இன்னொரு தடவை தாத்தா செத்துப்போனார் என்றான். அந்தத் தாத்தா அன்றைக்குச் சாயங்காலமே பள்ளிக்கூட வாசல் வழியாக வெற்றிலை போட்டுக்கொண்டு போனார். டீச்சர் ஒரு நீள நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்து, “இன்னொரு பொய் உன் வாயிலருந்து வந்துச்சு, இதுல இருக்கிற உன் பேரை வெட்டிருவேன். அப்புறம் நீ கண்மாயிலயே குடியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து அந்த நோட்டை எனக்கு விவரித்தான். “கை முட்டு நீளம் இருக்குட்டி. கறுப்பு அட்டை. அதுல பேரை வெட்டிட்டா அவ்வளவுதான், அப்பா என்னையும் வெட்டிருவாரு.” அதிலிருந்து எனக்கு அந்த நோட்டு என்றாலே பயம். பார்த்ததில்லை, ஆனால் கனவில் வரும்.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடத்தில் பொருட்காட்சி வைத்தார்கள். ஆளுக்கு நான்கு காய், நான்கு பழம் களிமண்ணில் செய்து, காயவைத்து, வர்ணம் அடித்து வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டும். பெரிய ஆபீசர் பார்க்க வருகிறாராம். சனிக்கிழமை காலையில் அண்ணன் கண்மாயில் இருந்து ஒரு சட்டி மண் கொண்டுவந்தான். அவன் செய்த வாழைப்பழத்தைப் பார்த்து அப்பா, “ஏலே, இது என்ன, செருப்பா?” என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அவன் கை கழுவிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“ஏட்டி, நீ செஞ்சு குடு. நான் உனக்கு...” என்று இழுத்தான். என்ன தருவான்? அவனிடம் என்ன இருந்தது? அவன் சொல்லி முடிப்பதற்குள் நான் சட்டியைப் பிடுங்கிக்கொண்டேன்.

இரண்டு நாளாக அந்த மண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தவள் நான். தொடக்கூடாது, பள்ளிக்கூட மண் என்று அவன்தான் மிரட்டி வைத்திருந்தான். தம்பியைத் தூணில் சேலைத் துண்டால் கட்டிப்போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கத்தரிக்காய், வெண்டைக்காய், மிளகாய், பாகற்காய். பாகற்காய்க்கு முள் முள்ளாக எடுக்க ஈர்க்குச்சி. அப்புறம் மாம்பழத்தில் தொடங்கி நான்கு பழம். மத்தியானத்துக்குள் எட்டும் முடிந்துவிட்டது. மொட்டை மாடி வெயிலில் வரிசையாக வைத்தேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் எட்டும் வெடித்துக் கிடந்தன. கத்தரிக்காய் இரண்டாகவே பிளந்து போயிருந்தது.

அண்ணன் அழுதுவிட்டான். “என் பேரு போச்சுட்டி” என்று மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மண்மேல் கோபம். மறுநாள் உடைத்து நனைத்து மறுபடி செய்தேன். இந்தத் தடவை நிழலில் வைத்தேன். அப்போதும் மயிரிழை மாதிரிக் கீறல். மறுபடி உடைத்தேன். அன்றைக்கு அம்மா வேலை முடிந்து வந்து தலையை உதறியபோது பஞ்சு பறந்து வந்து என் ஈரக்கையில் ஒட்டியது. அதைப் பிய்த்தெடுக்க முடியவில்லை. மண்ணோடு மண்ணாக இழை இழையாகப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் நீள்கிறது, அறுபட மாட்டேன் என்கிறது.

எனக்குப் பொறி தட்டியது. அம்மா தலையில் இருந்த அம்புட்டுப் பஞ்சையும் பொறுக்கினேன். “என்னட்டி, பேன் பாக்கியா?” என்று அம்மா சந்தோஷமாகத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாவம், அவளுக்கு அந்தச் சுகம் கிடைத்து ரொம்ப நாள் ஆகியிருக்கும். நான் பேனும் பார்க்கவில்லை ஒன்றும் பார்க்கவில்லை, பஞ்சை மட்டும் ஒரு பிடி சேர்த்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அதை மெல்லிசாக உதிர்த்து மண்ணில் போட்டுப் பிசைந்தேன். கட்டிலுக்கு அடியில் வைத்து, நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு மூடினேன்.

செய்வது ஒரு வேலையே இல்லை, கேட்டுக்கோ. காய விடுவதுதான் வேலை. சும்மா இருக்க வேண்டுமே! எனக்கா அது வரும்? அடுப்பில் உலை கொதிக்கும்போது ஓடிப்போய்த் துணியைத் தூக்கிப் பார்ப்பேன். தண்ணீர் பிடிக்கப் போனால் பாதிக் குடத்தோடு ஓடிவந்து பார்ப்பேன். விரலால் தொட்டால் பதிந்துவிடும், அதைச் சரிசெய்வேன், அது மறுபடி ஈரமாகும். ஒரு நாளில் எத்தனை தடவை கட்டிலுக்கடியில் நுழைந்தேன் என்று கணக்கே இல்லை. முதுகில் கட்டில் கயிறு உரசி உரசி எரிந்தது. தம்பியும் என் பின்னாலேயே தவழ்ந்து வருவான். புதன்கிழமை நான் ஒரு நிமிடம் அசந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் அவன் மாம்பழத்தைக் கடித்துவிட்டான். இரண்டு பல், அழுத்தமாக.

நான் போட்ட சத்தத்தில் அவன் வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு என்னைவிடப் பெரிதாக அழுதான். பல் தடத்தைச் சரிசெய்யப் பார்த்தேன், பாதி காய்ந்துவிட்டது, முடியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை துணியை எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. எட்டும் எட்டுதான். கத்தரிக்காய்க்கு நீலமும் காம்புக்குப் பச்சையும் அண்ணன் அடித்தான். அதையாவது அவன் செய்யட்டும் என்று விட்டேன்.

வெள்ளிக்கிழமை அண்ணன் பறந்து வந்தான். ஆபீசர் அவனுடைய மேசை முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றாராம். கத்தரிக்காயைத் தட்டிப் பார்த்தாராம். மாம்பழத்தைத் தூக்கி, “இது என்னப்பா கடி?” என்றாராம். “அணில் கடிச்சது சார்” என்று இவன் சொல்ல, அவர் சிரித்து முதுகில் தட்டிக்கொடுத்தாராம். எனக்கு அந்தத் தட்டு என் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. கட்டில் கயிறு உரசிய இடம் குளிர்ந்துபோனது.

அத்தோடு முடிந்திருக்கலாம். திங்கள்கிழமை மத்தியானம் அண்ணன் சோற்றுக்கு வந்தவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“டீச்சர் என் கையில மண்ணக் குடுத்து ஒரு கத்தரிக்கா செய்யுன்னாங்கட்டி.”

“செஞ்சியா?”

“செஞ்சேன். பாத்துட்டு, சாயங்காலம் உங்க வீட்டுக்கு வாரேன்னு சொல்லிட்டாங்க.” அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். “யார் கேட்டாலும் நான்தான் செஞ்சேன்னு சொல்லணும். உனக்கு ஒண்ணுமே தெரியாது. என்னா? நீ செஞ்சேன்னு சொன்னா மூணாவது பொய் ஆயிரும். நோட்டு எடுத்துட்டுதான் வருவாங்க, பாரு.”

சாயங்காலம் டீச்சர் வந்தார். கறுப்புக் குடை, தோளில் பெரிய துணிப்பை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் வந்திருக்கிறார். அப்பாவும் அம்மாவும் மில்லில். வீட்டில் நான், இடுப்பில் தம்பி. அண்ணன் கதவுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றான்.

டீச்சர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. தம்பியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். அவன் ஈ என்று சிரித்தான், இரண்டு பல்லும் தெரிந்தன.

“ஓ, இவருதானா அந்த அணில்?” என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கண் அந்தத் துணிப்பையை விட்டு நகரவில்லை. அப்புறம் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் மண். இரண்டு கையையும் பாவாடைக்குப் பின்னால் மறைத்தேன். தம்பி சறுக்கிக்கொண்டு கீழே போனான்.

“அந்தக் காயெல்லாம் யாரும்மா செஞ்சது?”

“அண்ணன்தான்.”

“நீ செய்யலையா?”

“எனக்குச் செய்யத் தெரியாது.”

டீச்சர் பைக்குள் கைவிட்டார். நோட்டுதான் என்று நினைத்தேன். இல்லை, ஈரத் தாளில் பொதிந்த மண். என் கையை இழுத்து அதில் வைத்தார். “சரி, தெரியாத மாதிரியே ஒரு கத்தரிக்காய் செஞ்சு காட்டு. எனக்காக.”

என் வாழ்க்கையிலேயே நான் பட்ட பெரிய பாடு அதுதான். நல்லபடியாகச் செய்ய ஒரு கஷ்டமும் இல்லை. கெடுத்துச் செய்ய வேண்டும்! விரல் கேட்கவில்லை. மண் பட்டதும் அதுவே உருட்ட ஆரம்பித்துவிட்டது, வயிறு பெருத்து, கழுத்து ஒடுங்கி. நான் பார்த்துவிட்டு ஒரு அமுக்கு அமுக்கினேன். மறுபடி உருண்டது. மறுபடி அமுக்கினேன். கடைசியில் மிதிபட்ட உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றை நீட்டினேன். கதவுக்குப் பின்னால் அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

டீச்சர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்புப் பக்கத்தில் அவர் கண் நின்றது. அப்போதுதான் நானும் பார்த்தேன். உடம்பு முழுவதும் கோணல், ஆனால் மேலே காம்புத் தொப்பி ஐந்து இதழாக, நுனி மடங்கி, செடியில் பறித்தது மாதிரி இருந்தது. எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியாது.

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, இந்தத் தடவை நோட்டை எடுத்தார். கறுப்பு அட்டை, கை முட்டு நீளம். அண்ணன் சொன்னதில் ஒரு பொய் இல்லை. பேனா மூடியைக் கழற்றினார்.

“உன் பேரு என்னம்மா?”

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

“எத்தனை வயசு?”

தலையை ஆட்டினேன், தெரியாது என்று.

“அப்பா பேரு என்ன?”

அப்பா பேரைக் கேட்டதும் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது போல இருந்தது. அண்ணன் பேரோடு சேர்த்து அப்பா பேரையும் வெட்டப் போகிறார்கள்! தம்பியை அள்ளி இடுப்பில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக ஒரே ஓட்டம். மில் சுவரை ஒட்டி ஓடி, கண்மாய்க் கரையில் ஏறித்தான் நின்றேன். அங்கேயிருந்து எங்கள் தெரு முனை தெரியும். ரொம்ப நேரம் கழித்துக் கறுப்புக் குடை வெளியே வந்தது. டீச்சர் கரைப் பக்கம் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரமும் வந்தார். “ஏட்டி, குடை வருது!” என்று அண்ணன் தெருமுனையில் இருந்து கத்துவான், நான் தம்பியோடு பறப்பேன். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அம்மா எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று அண்ணனிடம் கேட்டாராம். அம்மாவிடம் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்து, “எங்க அம்மா எப்பவுமே மில்லுதான் டீச்சர்” என்று இவன் சொல்லிவிட்டான். நாலாவது வாரம் குடை வரவில்லை. லீவு விட்டு, திறந்தபோது டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகியிருந்தது. அன்றைக்கு நானும் அண்ணனும் கண்மாய்க் கரையில் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவன் பேர் பிழைத்துவிட்டது! அதற்கப்புறம் அவன் ஒழுங்காகப் போனான் என்றா நினைக்கிறாய்? போனான், பாதிநாள். ஆனாலும் பாஸாகி, பட்டாளத்தில் சேர்ந்து, பென்ஷன் வாங்கி உட்கார்ந்திருக்கிறான். இப்போதும் கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால், டீச்சரை நாங்கள் ஏமாற்றிய கதையை அவன்தான் சொல்வான். நான் ஓடியதை ஓடியே காட்டுவான், அந்தத் தொப்பையோடு. எல்லாரும் சிரிப்பார்கள். நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன்.

என்னை இந்த ஊரில் கட்டிக்கொடுத்து, மகன் பிறந்து, அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனேன். பெரிய டீச்சர் மேசை டிராயரைத் திறந்து நீளமாக ஒரு நோட்டை எடுத்தார். கறுப்பு அட்டை. பேனா மூடியைக் கழற்றினார். “பையன் பேரு என்ன?” என்றார். “எத்தனை வயசு?” என்றார். “அப்பா பேரு?” என்றார்.

அதே மூன்று கேள்வி. அதே வரிசை.

எனக்குக் குப்பென்று சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா சிரிக்கிறீங்க?” என்று அந்த அம்மா கோபமாகக் கேட்கிறார். இவன் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “சொல்லுலே, பேரச் சொல்லிரு, ஓடிராதலே” என்று அவனைப் போட்டு உலுக்கினேன். பிள்ளை பயந்துபோய்க் கத்திச் சொன்னான். எழுதிக்கொண்டார்.

அண்ணனிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அந்தக் கதையை அவன் சொல்ல மாட்டான். நன்றாகச் சொல்வான், பாவம்.

பேரை வெட்டுகிறதற்குத்தான் அந்த நோட்டு என்று நினைத்திருந்தேன். எழுதுகிறதும் அதே நோட்டில்தான் என்று ஒன்பது வயதில் எனக்கு யார் சொன்னார்கள்?

ஏட்டி, குழாய் இரையுதுட்டி! தண்ணி வந்துருச்சு. நாலு நாளைக்குப் பொறவு இன்னைக்குத்தான் விடுதான். எந்திரி, எந்திரி, அந்தப் பச்சைக் குடத்த எடு... யானைய மிதிச்சிராத!